தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய கணக்கு: சுங்கை சிப்புட் வட்டாரப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலும், எல்பில், டோவன்பி, ஹீவூட் என்று அதைச் சுற்றியுள்ள தோட்டப் பகுதிகளிலும் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நெருங்கும்போது கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பள்ளியின் அடைவைப் பற்றிய தகவல் யாரிடம் இருக்கிறது, அதில் எதைப் பெற்றோர் கேட்டுப் பெறலாம், பெற்ற எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்பவையே இங்கு பேசப்படுகின்றன. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை பிள்ளைகள் ‘ஏ’ எடுத்தார்கள் என்பதைக் காட்டிலும், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தடுமாறிய நிலையில் வந்த பிள்ளையைப் பள்ளி எவ்வளவு தூரம் கொண்டுவந்தது என்பதே ஒரு பள்ளி முதலில் சொல்ல வேண்டிய கணக்கு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு இல்லாமல் போய்விட்டது. பள்ளி எப்படி நடக்கிறது என்று இனி எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு 1988ஆம் ஆண்டு முதல் நடந்துவந்த பொதுத்தேர்வான யு.பி.எஸ்.ஆர்., பெருந்தொற்றின் காரணமாக 2020இல் நடைபெறாமல் போய், 2021இல் முற்றாக அகற்றப்பட்டது. அதுவரை நமக்குப் பழகிய அளவுகோல் அது ஒன்றுதான். முடிவு வந்ததும் நாளேடுகளில் 7ஏ, அதாவது ஏழு தாளிலும் ‘ஏ’, பெற்ற பிள்ளைகளின் படங்கள் வரிசையாக வரும். 2016இல் தேர்வு முறை மாறியபின் அது 8ஏ ஆனது. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பெற்றோரின் பிள்ளை அந்தப் பக்கத்தில் இடம்பெற்றபோது தோட்டம் முழுவதும் அடைந்த மகிழ்ச்சி உண்மையானது, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆயினும் அந்தப் பக்கத்தில் இடம்பெறாத பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கு அன்றும் பதில் கிடைக்கவில்லை. ஆறு ஆண்டு படித்தும் மலாய்மொழியில் தேறாமல், ரிமூவ் வகுப்பு என்று வீடுகளில் சொல்லப்படும் புகுமுக வகுப்பில் இன்னோர் ஆண்டு உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் பதாகையும் சொன்னதில்லை.

இப்போது பெற்றோர் கைக்கு வருபவை இரண்டு. ஒன்று, பி.பி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் வகுப்பறைசார் மதிப்பீட்டின் அறிக்கை. இதில் ஒவ்வொரு பாடத்துக்கும் பிள்ளையின் அடைவுநிலை 1 முதல் 6 வரை குறிக்கப்பட்டிருக்கும். மற்றொன்று, நான்காம் ஆண்டிலிருந்து இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் படிவம் வரையிலான மாணவர்களுக்கு 2022/2023 கல்வித் தவணையில் தொடங்கப்பட்ட உவாசா எனும் ஆண்டிறுதித் தேர்வின் புள்ளி. இவை இரண்டும் உங்கள் பிள்ளையைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. பள்ளியை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால், எல்லாப் பிள்ளைகளின் தொகுப்பையும் பள்ளியிடம்தான் கேட்க வேண்டும்.

அறிக்கையில் அடைவுநிலை 3 என்று போட்டிருக்கிறார்கள். ஆறில் மூன்று என்றால் பாதிப் புள்ளியா?

இல்லை. அடைவுநிலை என்பது புள்ளியைப் பாதியாகவும் காலாகவும் பிரிக்கும் கணக்கு அன்று. அந்த ஆண்டின் பாடத்தில் பிள்ளை என்ன செய்ய முடிகிறது என்பதைக் குறிக்கும் படிநிலை. மூன்றாம் நிலை குறைந்தபட்சத் தேர்ச்சி; அதற்குக் கீழே உள்ள 1, 2 ஆகிய நிலைகள், பிள்ளைக்குத் தனிக் கவனம் தேவை என்பதற்கான அறிகுறி. இரண்டாம் நிலை என்று வந்தால் வருத்தப்பட்டு அறிக்கையை மடித்து வைத்துவிடாமல், எந்தத் திறன் கைவரவில்லை, அதற்கு வகுப்பில் என்ன செய்யப்படுகிறது, குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

சொல்லிக் கொடுக்கும் ஆசிரியரே மதிப்பிடுகிறார். அதை எப்படி நம்புவது?

நியாயமான கேள்வி. ஆசிரியரின் நேர்மையை ஐயுறுவதாக யாரும் இதை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரே கட்டுரையை இரண்டு ஆசிரியர்கள் படித்தால் இருவரும் ஒரே நிலையைத் தருவார்கள் என்பதற்கு உறுதியில்லை என்பதால்தான், வகுப்பறைசார் மதிப்பீட்டில் ஒருங்கிணைப்பு, வழிகாட்டல், கண்காணிப்பு ஆகிய தர உறுதிப்பாட்டு நடவடிக்கைகள் சேர்க்கப்பட்டுள்ளன. ஒரு பாடத்தைப் போதிக்கும் ஆசிரியர்கள் கூடி, மாதிரிப் படைப்புகளை வைத்து, இது எந்த நிலைக்குரியது என்று பேசி முடிவெடுப்பதே ஒருங்கிணைப்பின் சாரம். நகர்ப்புறப் பெரிய பள்ளியில் ஒரே பாடத்துக்கு நான்கைந்து ஆசிரியர்கள் இருப்பதால் இது இயல்பாக நடந்துவிடும். ஐந்தாறு ஆசிரியர்களே உள்ள தோட்டப் பள்ளியில், அறிவியல் போதிப்பவர் ஒருவராகவே இருக்கலாம். அவர் யாரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்? அருகிலுள்ள இரண்டு மூன்று தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஓரிரு முறை கூடி இதைச் செய்தால் மதிப்பீட்டின் மேலுள்ள நம்பிக்கை கூடும். அப்படி ஓர் ஏற்பாடு உள்ளதா என்று பெற்றோர் கேட்பதில் பிழை ஏதுமில்லை.

உவாசா தேர்வுத்தாளையும் பள்ளி ஆசிரியர்களே திருத்துகிறார்கள். ஆகவே ஒரு பள்ளியின் உவாசா முடிவை இன்னொரு பள்ளியின் முடிவோடு நேருக்கு நேர் வைத்துத் தரவரிசை பேசுவது சரியான பயன்பாடாகாது. அதே பிள்ளையின் சென்ற ஆண்டு நிலையோடு ஒப்பிடுவதே அதிகப் பயன் தரும்.

சென்ற ஆண்டு 75 விழுக்காடு தேர்ச்சி; இந்த ஆண்டு 62.5 விழுக்காடு. பள்ளி கீழே போய்க்கொண்டிருக்கிறதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக இடம் ஒதுக்க விரும்புகிறேன், ஏனென்றால் தோட்டப் பள்ளிகளுக்கு இதனால் விளைந்த அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆறாம் ஆண்டில் எட்டே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேரில் ஆறு பேர் தேறினால் 75 விழுக்காடு. ஐந்து பேர் தேறினால் 62.5 விழுக்காடு. பெரிய வீழ்ச்சியாகக் கண்ணில் படும் அந்தப் பன்னிரண்டரை விழுக்காட்டுக்குள் இருப்பது ஒரே ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை தேர்வு நேரத்தில் காய்ச்சலில் கிடந்திருக்கலாம்; குடும்பம் இரண்டு மாதங்களுக்கு முன்புதான் வேறொரு தோட்டத்திலிருந்து வந்திருக்கலாம். ஆசிரியர்கள் சென்ற ஆண்டைவிடக் கடினமாக உழைத்த ஆண்டாகவும் அது இருக்கலாம். நூற்றிருபது பேர் தேர்வெழுதும் பள்ளியில் அதே ஒரு பிள்ளையால் ஒரு விழுக்காடுகூட அசையாது. இப்படியிருக்க, இரண்டு பள்ளிகளையும் ஒரே அட்டவணையில் போட்டு ஏற்ற இறக்கம் பேசுவது எவ்வகையில் நியாயம்? ஒரு பால்வெட்டுத் தொழிலாளி அன்று கொண்டுவந்த பாலின் அளவை மட்டும் பார்த்து அவருடைய கைத்திறனை முடிவு செய்ய முடியாது, மரத்தின் வயதையும் முந்தைய நாள் மழையையும் கேட்க வேண்டும் என்பது தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். அதே நிதானம் பள்ளியின் எண்ணைப் படிக்கும்போதும் வேண்டும்.

150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பான்மை இந்த வகையில்தான் சேர்கின்றன. எனவே இது ஏதோ ஓரிரு பள்ளிகளின் சிக்கல் என்று ஒதுக்க முடியாது.

அதற்காகச் சிறிய பள்ளியில் எதையும் அளக்க முடியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் இடமில்லை. இதற்கு எளிய வழிகள் உண்டு. மூன்று ஆண்டு மாணவர்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டால், எட்டு என்பது இருபத்து நான்கு ஆகும். ஒரு பிள்ளையின் காய்ச்சல் பள்ளியின் தரத்தைத் தீர்மானிக்காது. விழுக்காட்டை விட்டுவிட்டு, ‘எட்டில் ஐவர்’ என்று ஆள் கணக்காகவே சொன்னால் கேட்பவர் தாமே எடைபோட்டுக்கொள்வார். எல்லாவற்றிலும் மேலானது, பிள்ளைகளின் பயணத்தைப் பின்தொடர்வது: முதலாம் ஆண்டில் சேரும்போது எழுத்தறியாமல் வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் சரளமாகப் படிக்கத் தொடங்கியவர்கள் எத்தனை பேர், இன்னும் படிக்காதவர்களுக்கு என்ன செய்யப்படுகிறது. இந்த மூன்று வரிகளையும் ஆண்டுதோறும் சொல்லும் பள்ளி, கட்டு கட்டாக அறிக்கை அச்சிடும் பள்ளியைவிடப் பெற்றோரிடம் பொறுப்போடு நடந்துகொள்கிறது.

எச்சரிக்கை ஒன்று. ஆறு பேர் படிக்கும் வகுப்பில் ‘ஒருவர் மட்டும் அடைவுநிலை 1இல் இருக்கிறார்’ என்று பொதுக்கூட்டத்தில் படித்தால், அது யாருடைய பிள்ளை என்று தோட்டம் முழுவதற்கும் தெரிந்துவிடும். வகுப்பு இவ்வளவு சிறியதாக இருக்கும்போது, கூட்டத்தில் பல ஆண்டுகளின் தொகுப்பையும், தனிப்பட்ட நிலையை அந்தப் பிள்ளையின் தாய் தந்தையரிடமும் சொல்வதே முறை.

எல்லாப் பள்ளிகளையும் தரவரிசைப்படுத்திப் பட்டியலை வெளியிட்டால் ஆசிரியர்கள் இன்னும் கவனமாக உழைப்பார்கள் அல்லவா?

நம் நாட்டில் இந்த முறை முயன்று பார்க்கப்பட்டது. 2010இல் அரசாங்க உருமாற்றத் திட்டத்தின் கீழ்ப் பள்ளிகள் ஏழு தரப்பிரிவுகளாக வகுக்கப்பட்டன. மதிப்பெண்ணில் 70 விழுக்காடு பொதுத்தேர்வின் சராசரித் தரத்திலிருந்தும், 30 விழுக்காடு பள்ளி தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளும் கல்வித் தர அளவையிலிருந்தும் எடுக்கப்பட்டது. தேர்வுச் சராசரிக்கு அவ்வளவு எடை கொடுத்தபோது, சிறிய பள்ளிகளின் எண் எவ்வளவு எளிதாக மேலும் கீழும் ஆடும் என்பதை மேலே பார்த்தோம்.

பிற நாட்டு அனுபவம் ஒரே திசையில் இல்லை. இங்கிலாந்து 1992 முதல் பள்ளிகளின் தேர்வு முடிவுகளைப் பட்டியலாக வெளியிடுகிறது. அங்கே எல்லைக்கோட்டில் நிற்கும் மாணவர்களுக்கு மட்டும் அதிகக் கவனம் கொடுத்து, மிகவும் பின்தங்கியவர்களைக் கைவிடும் போக்கு வளர்ந்ததாக நெடுநாள் குறை உண்டு. சிங்கப்பூர் 2012இல் இடைநிலைப்பள்ளிகளைத் தேர்வு முடிவின்படி தரம் பிரிப்பதைக் கைவிட்டது. ஆனால் வேல்ஸ் நாடு 2001இல் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியபோது நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேல்ஸ் பள்ளிகளை இங்கிலாந்துப் பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, பட்டியல் நின்றபின் வேல்ஸ் பள்ளிகளின் அடைவு சரிந்ததையும், முன்னணிப் பள்ளிகளில் அச்சரிவு இல்லை என்பதையும் கண்டார்கள். வசதியான பள்ளிகளைப் பெற்றோர் எப்படியும் கேள்வி கேட்டுக்கொண்டேயிருப்பார்கள். கேட்பாரற்ற பள்ளிகளில்தான் மௌனம் பிள்ளைகளைப் பாதிக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே, நாளேட்டில் முதலிடம் கடைசியிடம் என்று பட்டியல் போடுவதை நான் எதிர்க்கிறேன். தேர்வு போய்விட்டது என்ற காரணத்தைச் சொல்லிப் பள்ளி எதையுமே சொல்லாமல் இருப்பதை அதைவிட வன்மையாக எதிர்க்கிறேன்.

பன்னாட்டுத் தேர்வுகளில் மலேசியாவின் நிலை எங்கள் பள்ளியைப் பற்றி ஏதாவது சொல்கிறதா?

நேரடியாக இல்லை. பீசா 15 வயது மாணவர்களையும், தீம்ஸ் நம் நாட்டில் இரண்டாம் படிவ மாணவர்களையும் மாதிரியாகத் தெரிவு செய்து சோதிக்கின்றன. ஆரம்பப்பள்ளி வாரியாக எந்த முடிவும் அதில் வராது. ஆனாலும் தீம்ஸ் கணிதத்தில் 2019இல் 461 ஆக இருந்த மலேசியாவின் சராசரி 2023இல் 411 ஆக இறங்கியதும், 2022 பீசாவில் வாசிப்புப் புள்ளி 388ஆக இருந்ததும் நாடு முழுவதற்குமான எச்சரிக்கை. இடைநிலைப்பள்ளியில் தெரியும் இந்தச் சரிவின் வேர் ஆரம்பப்பள்ளியின் முதல் மூன்று ஆண்டுகளில் இருக்கக்கூடும் என்பதால்தான் வாசிப்பைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நஸிர் வந்து பள்ளியைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். அந்த அறிக்கையைப் பெற்றோர் பார்க்க முடியுமா?

நஸிர் எனப்படும் பள்ளி ஆய்வுக் குழு, 2017இல் நடைமுறைக்கு வந்த மலேசியக் கல்வித் தர அளவையின் இரண்டாம் பதிப்பைக் கொண்டு பள்ளியை மதிப்பிடுகிறது. தலைமைத்துவம், நிறுவன நிர்வாகம், பாடத்திட்டம் இணைப்பாடம் மாணவர் நலன் ஆகியவற்றின் நிர்வாகம், கற்றல் கற்பித்தல், மாணவர் உருவாக்கம் என்று அதில் ஐந்து தரங்கள் உள்ளன. இதே அளவையைக் கொண்டு பள்ளியும் தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த அறிக்கை பள்ளிக்கும் கல்வி இலாகாவுக்கும் இடையிலானது. அதை நகலெடுத்துக் கொடுங்கள் என்று வற்புறுத்தப் பெற்றோருக்குச் சட்டப்பிடி இல்லை. சிலாங்கூரும் பினாங்கும் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றின என்றாலும், அவை அந்தந்த மாநில அரசாங்கத் துறைகளுக்கானவை. கல்வியோ கூட்டரசின் பொறுப்பு. மறுபக்கம், அதிகாரத்துவ இரகசியச் சட்டம் 1972 முதல் நடப்பில் இருப்பதால், எதைச் சொன்னால் என்ன வருமோ என்று அலுவலர்கள் தயங்குவதும் புரிந்துகொள்ளக்கூடியதே.

ஆனால் கேட்கும் விதத்தை மாற்றினால் பதில் கிடைக்கும். அறிக்கையைக் கேட்காதீர்கள். ‘ஐந்து தரங்களில் நம் பள்ளி எதில் வலுவாக உள்ளது, எதில் தளர்ந்துள்ளது, தளர்ந்ததைச் சீர்படுத்த இந்த ஆண்டு என்ன திட்டம்’ என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல எந்தச் சட்டமும் தடையில்லை. தம் பள்ளியை அக்கறையோடு நடத்தும் தலைமையாசிரியர்கள் இந்தக் கேள்வியை வரவேற்பார்கள்.

பள்ளியைப் பற்றிப் பொதுவில் கிடைக்கும் தகவல் எதுவும் இல்லையா?

உண்டு. எந்தப் பள்ளியில் எத்தனை மாணவர்கள், எத்தனை ஆசிரியர்கள் என்ற பட்டியலைக் கல்வி அமைச்சு வெளியிடுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அமைச்சு தரும் பதில்களும், தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கைகளும் பொதுமக்கள் பார்வைக்குரியவை. தனியொரு பெற்றோர் கேட்டுக் கிடைக்காத புள்ளிவிவரம், தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் எழுத்துப்பூர்வமாகக் கேட்டபோது கிடைக்கலாம்; இந்த வழியை நாம் இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணம், வாரியப் பணம், அரசாங்க மானியம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கா?

தனித்தனிக் கணக்குகள். மாணவர் எண்ணிக்கையை வைத்து வரும் தலைவீத மானியம் அரசாங்க நிதிக் கணக்கில் சேரும். நன்கொடைகளுக்குப் பள்ளியில் வேறு கணக்கு உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கம், 1998ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி, தன் கணக்கை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் முன் வைக்க வேண்டும். பள்ளி மேலாளர் வாரியத்தின் கணக்கு மற்றொன்று. ‘பள்ளிக்குக் கொடுத்தோம்’ என்று பொதுவாகச் சொல்லும்போது இவற்றில் எதற்குக் கொடுத்தோம் என்பது மறைந்துவிடுகிறது. நன்கொடை கொடுப்பவர் எந்தக் கணக்குக்கு என்று கேட்டு, அதற்கான இரசீதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். இந்த ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்குதாரரான தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கூட்டுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பதை அவமதிப்பாகக் கருதும் பழக்கம் நம்மிடம் இருக்கக் கூடாது.

முடிவுகள் தாழ்ந்தால் அதற்குத் தலைமையாசிரியர்தானே பொறுப்பு?

அவர் ஒரு பங்குக்குப் பொறுப்பு. முழுப் பங்கையும் அவர் தலையில் ஏற்றுவது, உண்மையில் பொறுப்பேற்க வேண்டிய மற்றவர்களை விடுவித்துவிடும்.

தோட்டப் பள்ளிகள் எப்படி வந்தன என்பதை நினைவில் கொள்ளுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கட்டளையிட்டது. அப்படித்தான் ஸ்டோர் ஓரத்திலும் கோயில் அருகிலும் வகுப்புகள் எழுந்தன. நிலம் தோட்டத்துக்குச் சொந்தமாகவே இருந்துவிட்டதால், இன்றும் பல பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாக நீடிக்கின்றன. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது. கட்டடமும் நிலமும் வாரியத்தின் தலைவலி. கூரை ஒழுகும் வகுப்பில் படித்த பிள்ளையின் முடிவுக்கு, அந்தக் கூரைக்கு நிதி ஒதுக்காதவரும் நிலத்தை எழுதித் தராதவரும் பதில் சொல்ல வேண்டாமா? 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை இன்று ஏறத்தாழ 530. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபின் மாணவர் எண்ணிக்கை சுருங்கிய பள்ளியில், இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்தும் கூட்டு வகுப்பும் உண்டு. அந்த ஆசிரியரின் வேலையைப் பட்டணத்து ஆசிரியரின் வேலையோடு ஒரே கோலால் அளக்க முடியாது.

ஆகவே பள்ளியின் ஆண்டறிக்கையில் மாணவர் அடைவுக்குப் பக்கத்திலேயே, காலியாக உள்ள ஆசிரியர் பணியிடங்கள், ஆண்டின் நடுவில் மாற்றலாகிப் போனவர்கள், கேட்டும் வராத நிதி ஆகியவையும் எழுதப்பட வேண்டும். மேலிடத்தின் பங்கும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

கூட்டத்தில் கேள்வி கேட்டால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தைப் பல தாய்மார்கள் சொல்கிறார்கள். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. தனியாகக் கேட்கத் தயங்கினால், நான்கைந்து பெற்றோர் சேர்ந்து கேள்விகளை எழுதி, கூட்டத்துக்கு முன்பே சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். ஆசிரியர்களும் தயாராகப் பதில் கொண்டுவருவார்கள். கேள்வியும் தனியாள்மீது பாயாது. ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: பள்ளி நிர்வாகத்தில் தலையிடும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. எந்த ஆசிரியருக்கு எந்த வகுப்பு என்பது தலைமையாசிரியரின் முடிவு. எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேட்பதோ பெற்றோரின் உரிமை.

எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை. அடுத்து எங்கே போவது?

முதலில் தேதியிட்ட கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் நேரில் கொடுத்து, நகலில் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். போதிய கால இடைவெளி விட்டும் பதில் இல்லையென்றால், மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதலாம். சுங்கை சிப்புட் பள்ளிகள் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அதற்கு மேல் பேராக் மாநிலக் கல்வி இலாகாவும், கல்வி அமைச்சின் சிஸ்பா எனப்படும் பொதுப் புகார் முறையும் உள்ளன. கடிதத்தில் ஆசிரியரின் குணத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்; என்ன தகவல் கேட்டோம், எந்தத் தேதியில் கேட்டோம், எது வரவில்லை என்பது மட்டும் போதும். மலாய்மொழியில் எழுதச் சிரமமாக இருந்தால், இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மூத்த பிள்ளையோ சங்கத்தின் செயலவை உறுப்பினரோ உதவலாம். பள்ளியின் பதில், பெற்றோருக்கான ஆண்டறிக்கை ஆகிய இரண்டும் தமிழிலும் வேண்டும் என்று அதே கடிதத்தில் கேளுங்கள். பிள்ளையின் அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய பாட்டிமார்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.